மக் டைவிங் போக நினைக்கும் டெல்டாக்காரர்களுக்கு

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரத்தில் வளர்ந்தவன் நான். ஸ்கூபா சான்றிதழ் வாங்கி, இந்தோனேசியாவின் லெம்பே நீரிணை வரை போய் மக் டைவிங், அதாவது சேறும் மணலுமான கடலடியில் ஒளிந்திருக்கும் உயிர்களைத் தேடிப் பார்க்கும் டைவிங், செய்துவிட்டு வந்ததில் இருந்து, விலங்கியலும் மீன்வளமும் படிக்கிற நம்ம பக்கத்துப் பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, பரீட்சை கஷ்டமா?" பரீட்சையில் பயப்பட ஒன்றும் இல்லை. சேற்றுக்கு ஒரு முழம் மேலே, மண்ணைக் கிளறாமல், அசையாமல் நின்று பார்க்கப் பழகுவதுதான் உண்மையான படிப்பு. அதில் பெரும்பகுதியை நம்ம கரையிலேயே படித்துவிடலாம்.

பவளப்பாறையும் கூட்டம் கூட்டமாய் வண்ண மீன்களும் இதில் கிடையாது. மணல், வண்டல், உதிர்ந்த இலை, தேங்காய் மட்டை, எப்போதோ யாரோ போட்ட பாட்டில், அவ்வளவுதான். பாப்புவா நியூ கினியில் டைவிங் படகு நடத்திய பாப் ஹால்ஸ்டெட் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று லெம்பேயும், பிலிப்பைன்ஸில் அனிலாவ், டாவின் ஆகிய ஊர்களும் இதற்குப் பேர்போனவை. ஒளிந்துகொள்ளப் பாறை இல்லாத வெட்டவெளி என்பதால் அங்கே வாழும் உயிர்கள் இலையாகவும் பாசியாகவும் கல்லாகவும் வேடம் போடுகின்றன. பிற உயிர்களின் உருவத்தைக் காட்டி ஏமாற்றும் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) ஒன்று உண்டு. அதை 1998-ல்தான் சுலவேசி கடலில் கண்டுபிடித்தார்கள், அறிவியல் பெயர் வைத்தது 2005-ல். அவ்வளவு காலம் அது கண்ணில் படாமல் போனதற்கு, சேற்றில் யாரும் தேடாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, பரீட்சைக்கு வருவோம். முதல் படி ஓபன் வாட்டர் சான்றிதழ். நம்ம ஊருக்குப் பக்கத்தில் என்றால் புதுச்சேரி போக வேண்டும். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் பாடத்திட்டத்தில் கடைசி எழுத்துத் தேர்வு 50 கேள்விகள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கடலில் நான்கு டைவ் முடிக்க வேண்டும். இந்தச் சான்றிதழோடு 18 மீட்டர் வரை இறங்கலாம், மக் டைவிங்குக்கு அது பெரும்பாலும் போதும். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். அடியில் இருக்கும் கணக்கு, அழுத்தம் கூடினால் காற்று சுருங்கும் என்கிற பிளஸ் ஒன் பாயில் விதிதான்.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே 6 லிட்டராக இருக்கும் காற்று 10 மீட்டரில் 3 லிட்டர், 20 மீட்டரில் 2 லிட்டர், 30 மீட்டரில் ஒன்றரை லிட்டர். இதை மனப்பாடம் செய்யாதீர்கள், தாளில் போட்டுப் பாருங்கள். "டைவிங்கில் ஒருபோதும் மூச்சை அடக்காதே" என்ற முதல் விதி ஏன் வந்தது என்று புரியும். கீழே இழுத்த 3 லிட்டர் மேலே வரும்போது 6 லிட்டர் ஆகப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று என்றால் மொத்தம் 2400 லிட்டர். அவசரத்துக்கு 50 பாரை ஒதுக்கினால் கையில் இருப்பது 1800. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவருக்கு 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பதால் 40 லிட்டர் ஆகும். ஆக 45 நிமிடம். படபடப்பில்லாமல் 15 லிட்டரில் மூச்சு விடுபவருக்கு அதே சிலிண்டர் ஒரு மணி நேரம் வரும். சேற்றில் அந்தக் கூடுதல் கால் மணி நேரம் பெரிய சொத்து. உங்கள் நடமாட்டத்தைப் பார்த்துப் பதுங்கிய உயிர்கள், பல சமயம் நீங்கள் கிளம்பலாம் என்று நினைக்கும்போதுதான் வெளியே வரும்.

நீச்சல் சோதனையில் 200 மீட்டர் நீந்த வேண்டும், நேரக் கெடு கிடையாது. அப்புறம் 10 நிமிடம் மிதக்க வேண்டும். வாய்க்காலில் பழகிய நம்ம பிள்ளைகளுக்கு நீச்சல் சுலபம், மிதப்பதில்தான் தடுமாறுவார்கள். தலையைத் தூக்கிக் கையை வீசியே பழகியிருப்போம், சும்மா கிடந்து பழகியிருக்க மாட்டோம். காதுவரை தண்ணீரில் விட்டு மல்லாந்து படுங்கள், மூச்சை நிதானமாக விடுங்கள். தஞ்சாவூர், திருச்சி மாதிரி ஊர் நீச்சல் குளத்தில் ஆள் துணையோடு பழகுங்கள். மேட்டூர் திறந்து ஆற்றில் புதுத்தண்ணீர் ஓடும்போது இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். ஷட்டர் பக்கத்துச் சுழலும், கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளமும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே இழுத்திருக்கின்றன.

சான்றிதழ் வாங்கியவர்களில் பலர் மக் டைவிங்கில் திணறுவது மிதவைக் கட்டுப்பாட்டில்தான். தரையைத் தொடாமல், மேலேயும் போகாமல் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பிசிடி என்ற மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றி இறக்கிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அது தோராயமாக நிறுத்தத்தான் உதவும், நுணுக்கமான வேலை எல்லாம் மூச்சில் இருக்கிறது. மூச்சை இழுத்தால் உடனே ஏற மாட்டோம், ஒரு நொடி தாமதித்துத்தான் உடம்பு மேலே எழும். அந்தத் தாமதம் தெரியாதவர் ஏறவில்லையே என்று இன்னும் இழுப்பார், சட்டென்று மேலே போவார், பதறி முழுக்க விடுவார், மண்ணில் போய் உட்காருவார். அதோடு அந்த இடம் கலங்கி முடிந்தது. மூச்சை அடக்காமல், மெல்ல இழுத்து உடம்பு எழும்வரை பொறுக்க வேண்டும், மெல்ல விட்டு இறங்கும்வரை பொறுக்க வேண்டும். எடைக்கட்டிகளையும் தேவைக்கு மேல் கட்டாதீர்கள்.

கால் அசைவைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி உண்டு. காலை மேலும் கீழும் அடித்தால் பாதத்தில் மாட்டிய துடுப்பு தள்ளும் தண்ணீர் நேராக மண்ணில் போய் மோதும். அதனால் முழங்காலை மடக்கி, பாதத்தைப் பக்கவாட்டில் விரித்துப் பின்னால் தள்ளச் சொல்வார்கள். தவளை நீச்சல் தெரிந்தவர்களுக்கு அது கையோடு வந்த வித்தை, நிதானமாகச் செய்தால் போதும். குட்டையைக் குழப்பி மீன் பிடிக்கலாம், மக் டைவிங்கில் குழப்பினால் உங்களுக்கும் ஒன்றும் தெரியாது, பின்னால் வருபவருக்கும் தெரியாது.

இனி கண். இதற்கு லெம்பே வரை போகக் காத்திருக்க வேண்டாம். மல்லிப்பட்டினம், மனோரா பக்கம் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அலையும் பெரிதாக இருக்காது. நீர் வற்றும் நேரத்தில் கடல்புல் படுகைக்குள் முழங்கால் ஆழத்தில் நடக்கலாம். நண்டு வலைக்காரர் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது: "தம்பி, காலைத் தூக்கி வைக்காதே, தரையில தேய்ச்சுக்கிட்டே போ. திருக்கை கிடக்கும்." தேய்த்துப் போனால் திருக்கை விலகிவிடும், மிதித்தால்தான் முள் ஏறும். அப்படிப் போய் ஓர் இடத்தில் நின்றுவிடுங்கள். கலங்கல் அடங்கும்வரை எதையும் தேடாதீர்கள்.

முதலில் வெறும் மண்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் கடுகளவில் இரண்டு புள்ளிகள் மண்ணுக்கு மேலே நிற்பது தெரியும். அவை நாக்கு மீனின் கண்கள். அந்தக் கண்களில் இருந்து பின்னோக்கிப் பார்த்தால், மணல் தூவிய முதுகின் விளிம்பு மெல்ல அசைவது பிடிபடும். அந்த விளிம்பைக் கண்டுவிட்டால் அடுத்தடுத்து மற்றவையும் புலப்படும். புல்லோடு புல்லாக நிமிர்ந்து நிற்கும் குழல் மீன், புல் தாளில் வாலைச் சுற்றிக்கொண்ட கடல்குதிரை, ஓட்டோடு நகரும் துறவி நண்டு. முழு உருவத்தைத் தேடாமல் கண், விளிம்பு, மூச்சுக்கான சிறு அசைவு ஆகியவற்றைத் தேடுங்கள். லெம்பேயின் வழிகாட்டிகள் பார்ப்பதும் இப்படித்தான். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் சேற்றில் தாவி நடக்கும் மீனைப் படகில் இருந்து பார்ப்பதும் நல்ல பயிற்சி.

எதையும் கையில் எடுக்காதீர்கள். கடல்குதிரையும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை, பிடித்தால் குற்றம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். நம்ம மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தப் பிராணிக்குக் கடல்புல்தான் சாப்பாடு. அந்தப் புல்லைப் பிடுங்காமல் நடப்பதும் இந்தப் படிப்பில் சேர்ந்ததுதான். பார்த்ததை வீட்டுக்கு வந்து நோட்டில் வரையுங்கள். வரையும்போதுதான் எதைச் சரியாகப் பார்க்கவில்லை என்று தெரியும்.

லெம்பேயில் மண் கறுப்பு, எரிமலை மணல். அங்கே மயிர் அடர்ந்த தவளைமீன் ஒன்றைப் பார்த்தேன். பாசி படிந்த கல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நெற்றியில் ஒரு தண்டு, அதன் நுனியில் புழு போன்ற சதை. அதை ஆட்டி ஆட்டி இரையை வரவழைக்கும். இரை வந்ததும் அது வாய் திறந்து உறிஞ்ச ஆகும் நேரம் சுமார் 6 மில்லி விநாடிதான், நம் கண்ணுக்குப் பிடிபடாது. நான் பார்த்ததெல்லாம் அந்தத் தண்டு ஆடியதும், பிறகு அங்கே இருந்த சின்ன மீன் இல்லாமல் போனதும்தான். மண்ணைக் கிளறாமல் நிற்கத் தெரிந்ததால் அது கிடைத்தது.

அங்கே மண்ணில் ஊன்றிக்கொள்ள மெல்லிய உலோகக் குச்சி ஒன்று தருவார்கள். அதை உயிர்களைத் தட்டி எழுப்பப் பயன்படுத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். நல்ல படத்துக்காக ஒரு பேய்க்கணவாயை விரட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை. வெறுங்கையையும் கீழே வைக்காதீர்கள். கல்மீனின் முதுகு முள்ளில் கடும் விஷம். நீல வளையப் பேய்க்கணவாய் உள்ளங்கையைவிடச் சிறியது, அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது.

மற்றவை சுருக்கமாக. கேமரா வாங்கும் காசை முதலில் மிதவைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நம்ம பக்கக் கடலில் பயிற்சிக்குத் தேதி போடாதீர்கள். ஆஸ்துமா, காது, இதயம் தொடர்பாக எது இருந்தாலும் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதி டாக்டர் கையெழுத்து வாங்குங்கள். லெம்பேக்கு மனாடோ நகரம் வரை விமானத்தில் போக வேண்டும். திரும்பும்போது கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும், அதனால் டிக்கெட் போடும்போதே கடைசி நாளை டைவ் இல்லாத நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.