பால்பாயின்ட் பேனா நின்ற இடம்

உடம்பில் டி.பி. கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஊசி போட்டிருந்த என் இடது முன்கையில், டாக்டர் பால்பாயின்ட் பேனாவால் கோடு இழுத்தார். தடிப்பை நோக்கி மெல்ல நகர்ந்த முனை ஓரிடத்தில் முட்டி நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே ஒரு கோடு. நடுவே ஸ்கேலை வைத்தார்: 14 மில்லிமீட்டர். சிவப்பு எவ்வளவு பரவியிருந்தாலும் கணக்கில்லையாம், கெட்டிப்பட்டது மட்டும்தான் கணக்கு.

"வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?"

அம்மாயியின் இருமல் காதில் கேட்டது. என்னை மடியில் போட்டுக்கொண்டு அவர் இருமி நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். சோரியாசிஸ் என்ற தோல் நோய் வந்து பதினோரு ஆண்டுகள். என் முழங்கையைப் பார்த்துவிட்டு, வாங்கிய கொலுசைத் துடைத்து எடுத்துப்போனவர்கள் உண்டு. (ஒட்டாது ஐயா, ஒட்டவே ஒட்டாது.) வாரத்துக்கு ஒரே நாள் மட்டும் விழுங்கவேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை, அட்டையில் 'சனி' என்று எழுதிவைத்து விழுங்கினேன், தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஐந்தாம் ஆண்டில் அதுவும் கேட்கவில்லை. அடுத்தது அடலிமுமாப் ஊசி. அதற்கு முன்புதான் இந்தச் சோதனைகள். மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் இரத்தம் எடுத்தார்கள்.

டி.பி. கிருமி நுழைந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடும். அந்தச் சுவர் இடியாமல் காப்பதில் டி.என்.எஃப். என்ற பொருளுக்குப் பெரிய பங்கு. என் தோலைத் தடிக்கவைத்துச் செதில் செதிலாக உதிர்ப்பதிலும் அதற்குப் பங்குண்டு. ஊசி அதை மடக்கினால் தோல் ஆறும், சுவர் இளகும்.

சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியாலும் கை தடிக்குமே என்று வாதாடினேன். அதனால் குழம்பாத இரத்தப் பரிசோதனை ஒன்றும் எடுத்தார். அதுவும் ஆமாம் என்றது. மார்பு எக்ஸ்ரே சுத்தம். ஆக, நான் நோயாளி அல்ல, கிருமிக்கு உள்ளே வாடகைக்கு வீடு விட்டவன்.

அந்தக் கிருமிக்கு ஐசோநயசிட் மாத்திரை, கை கால் மரத்துப்போகாமலிருக்க பி6 மாத்திரை. ஒரு மாதம் இவற்றை விழுங்கிய பிறகே முதல் ஊசி. முன்பு பார்த்த இடத்தில் எதையும் கேட்காமல் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார்களே என்று மனைவியிடம் புலம்பினேன். "கேட்காமல் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறீர்களா?" என்றாள்.

மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காடு போனோம். இரவு 101 டிகிரி காய்ச்சல். "ஏரிக்காற்று மாமா, ஒரு மாத்திரை போட்டால் போய்விடும்" என்றான் மச்சான். இந்த ஊசி போட்டுக்கொள்கிறவனுக்கு உள்ளே பெரிதாக இருக்கும் தொற்றும் வெளியே சிறிதாகத் தெரியலாம். டாக்டருக்கு ஃபோன் செய்தேன். ஊசியை நிறுத்திவிட்டுக் காலையிலேயே வரச்சொன்னார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடியபடி இறங்கினேன். சாதாரண சளிக்காய்ச்சல்தான். ஆனாலும் அந்த வாரத்து ஊசி ஃபிரிட்ஜில், மாவுப் பாத்திரத்துக்குப் பின்னாலேயே கிடந்தது.