குலுக்கினால் கலையாத கட்டுரை

2016 சிவில் சர்வீஸ் மெயின்ஸ் கட்டுரைத் தாளில் ‘கூட்டாட்சி இந்தியாவில் மாநிலங்களுக்கு இடையேயான நீர்த் தகராறுகள்’ என்று ஒரு தலைப்பு. பார்த்ததும் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. என் ஊர் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் வண்டிப்பெரியாறு. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் எங்கள் ஊர் வழியாகத்தான் இடுக்கி அணைக்குப் போகும். இதை என்னைவிட யார் நன்றாக எழுதிவிடப் போகிறார்கள் என்று மளமளவென்று எழுதினேன். இரண்டு கட்டுரைக்கும் சேர்த்து 250க்கு 92 வந்தது.

விடைத்தாள் திரும்பக் கிடைக்காது. நினைவிலிருந்து அதே கட்டுரையை மறுபடி எழுதி, பள்ளியில் எனக்குத் தமிழ் எடுத்த டீச்சரிடம் கொண்டுபோனேன். முதலில் ஒரு குறள். பிறகு அரசியலமைப்பின் 262ஆம் பிரிவு, 1956ஆம் ஆண்டு நதிநீர்த் தகராறுச் சட்டம், 1990இல் காவிரி நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, முல்லைப் பெரியாற்றின் 1886 ஒப்பந்தம், 999 ஆண்டுக் குத்தகை, அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்க அனுமதி தந்த 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு தகவல்கூடத் தப்பில்லை.

டீச்சர் படித்து முடித்தார். தையல் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பத்தி பத்தியாக வெட்டினார். பதினொரு துண்டு. சீட்டு மாதிரிக் குலுக்கி என் முன்னால் போட்டு, “பழையபடி அடுக்குப்பா” என்றார்.

நானே எழுதியதுதான். முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் தெரிந்தன. நடுவில் இருந்த ஒன்பதை எப்படி வைத்தாலும் சரியாகவே இருந்தது. காவிரி முன்னால் வந்தாலும் சரி, பின்னால் போனாலும் சரி.

“எப்படி வெச்சாலும் சரியா இருக்குன்னா, ஒண்ணோட ஒண்ணு கட்டலைன்னு அர்த்தம். கட்டுனாத்தானே கட்டுரை?”

சிலப்பதிகாரத்தில் ‘கட்டுரை காதை’ என்று ஒரு பகுதி உண்டு. மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் வந்து, இப்படி ஏன் நடந்தது என்பதைச் சொல்லும். பாண்டியர் செங்கோன்மை, கோவலனின் முற்பிறப்பு என்று பல கதைகள் வரும்; அத்தனையும் அந்த ஒரு ‘ஏன்’ என்பதற்காகவே வரும். டீச்சர் ஒவ்வொரு சித்ரா பௌர்ணமிக்கும் குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகி கோயிலுக்கு ஏறுகிறவர். அவருக்கு இது பாடமாக அல்ல, வீட்டுக் கதையாகவே வரும். “உன் கட்டுரைல என்ன கேள்வி இருக்கு?” என்று கேட்டார். என்னிடம் தலைப்பு இருந்தது, கேள்வி இல்லை.

கேள்வி எங்கள் வீட்டிலேயே இருந்தது. மழைக்காலத்தில் அணை மட்டம் 136 அடியைத் தாண்டினால் அம்மா ரேஷன் கார்டையும் ஆதாரையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கையெட்டும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். அதே ராத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கம்பம் ஊரிலிருந்து சித்தப்பா போன் போடுவார்: “அண்ணி, எத்தனை அடி ஏறியிருக்கு?” குரலில் அவ்வளவு சந்தோஷம். அணைத் தண்ணீர் சுரங்கம் வழியாக அந்தப் பக்கம் இறங்கினால்தான் அவர் வயலில் நாற்று நட முடியும். ஒரே எண் இங்கே பயம், அங்கே சோறு. அப்படியென்றால் இரண்டு பேரும் நம்பக்கூடிய வார்த்தையை யார் சொல்வது?

இந்தக் கேள்வியை வைத்து எழுதியபோது பழைய தகவல்களுக்கு வேலை வந்துவிட்டது. 1990, 2007 என்ற இரண்டு ஆண்டுகள் இப்போது பதினேழு வருடக் காத்திருப்பு ஆயின. 2014 தீர்ப்பில் 142 அடியைவிட, இரண்டு மாநிலப் பிரதிநிதிகளையும் ஒரே மேற்பார்வைக் குழுவில் உட்கார வைத்தது எனக்கு முக்கியமாகத் தெரிந்தது. அணையே வேண்டாம் என்பவரின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எழுத ஒரு பத்தி தேவைப்பட்டது. அம்மாவின் பயத்தை ஒரு வரியில் தள்ளிவிட முடியுமா? டீச்சர் மறுபடி வெட்டினார். இந்த முறை ஒரே மாதிரிதான் அடுக்க முடிந்தது.

தேர்வு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரம், இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் 125 மதிப்பெண், 1000 முதல் 1200 சொற்கள். வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். விடையைத் தமிழில் எழுதலாம். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நிறையத் தெரிந்ததை எடுக்காதீர்கள், தயவுசெய்து. எதைப் பற்றி உங்களுக்குள் ஒரு சண்டை நடக்கிறதோ அதை எடுங்கள். முதல் இருபது நிமிடம் பேனா கேள்வியை மட்டும் எழுதட்டும். பிரெஞ்சுக்காரர் மொந்தேய்ன் 1580இல் இந்த வடிவத்துக்கு வைத்த பெயரின் பொருளே ‘முயன்று பார்ப்பது’. அந்த இருபது நிமிடத்தில் முயன்று பாருங்கள், பிறகு கட்டுங்கள்.

எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. நம் தமிழில் மலையாளம் நமக்குத் தெரியாமலே நுழைந்திருக்கும். ‘பெண்களுக்கு வேலை அவசரங்கள் குறைவு’ என்று எழுதியிருந்தேன். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. நான் அப்படி நினைத்தது, திருத்துகிறவருக்குப் பதற்றமாகப் படும். பொறுப்பு என்று நினைத்து ‘உத்தரவாதம்’ எழுதினேன். தமிழில் அது கேரண்டி. இந்த மாதிரிச் சொற்களுக்கு ஒரு நோட்டே போட்டேன். நாற்பது பக்க நோட்டில் பாதி நிரம்பியது.

2018 ஆகஸ்ட் வெள்ளம் முடிந்த அடுத்த மாதம் மறுபடி மெயின்ஸ். ‘எங்கோ இருக்கும் வறுமை எங்குமுள்ள வளத்துக்கு ஆபத்து’ என்ற பொருளில் ஒரு தலைப்பு வந்தது. நான் பிறந்த லயத்தின், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், ஒற்றை அறையில் தொடங்கி, அந்தத் தோட்டத்துத் தேயிலை யார் மேசைக்குப் போகிறது என்று கேட்டு எழுதினேன். 131 வந்தது. டீச்சரிடம் சொன்னபோது, “வீட்ல உக்காந்து அதை மறுபடி எழுதிக் கொண்டா” என்றார். கத்தரிக்கோல் அதே தையல் மெஷின் மேல்தான் இருந்தது.