அலுமினியப் பெட்டி: முன்பலகை முடிந்தது

பெஞ்ச் பவர் சப்ளைக்கு (சர்க்யூட்களைச் சோதிக்க மேசையில் வைத்து மின்சாரம் கொடுக்கும் சாதனம்) பெட்டி செய்யும் வேலையில் முன்பலகை முடிந்துவிட்டது. உள்ளே போவது எல்எம்317 என்ற, வோல்ட்டேஜை ஒழுங்குபடுத்தும் ஐசி வைத்த எளிய சர்க்யூட், 18 வோல்ட் 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு டிஜிட்டல் வோல்ட்-ஆம்பியர் மீட்டர். சர்க்யூட் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெட்டியைப் பற்றித்தான் எழுத நிறைய இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் பிளாஸ்டிக் பெட்டி எல்லா அளவிலும் கிடைக்கும். ஆனால் 230 வோல்ட் நுழையும், சூடும் ஏறும் ஒரு சாதனத்தை எர்த் செய்த உலோகத்துக்குள் வைக்கவே எனக்கு மனம் ஒப்புகிறது.

தகடு 1.5 மி.மீ. அலுமினியம். சட்டத்துக்கு 3 மி.மீ. கனமுள்ள எல்-ஆங்கிள். ஜன்னல், பார்ட்டிஷன் வேலை செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் எடைக்குக் கொடுத்துவிடுவார்கள். தகட்டை எங்கும் வளைக்கவில்லை. தட்டையான பலகைகளை ஆங்கிளில் திருகிவிட்டால் வளைக்கும் வேலையே இல்லை. ஆங்கிளில் 2.5 மி.மீ. துளை போட்டு 3 மி.மீ. திருகுக்கு மரை வெட்டும் எம்3 டேப்பை ஓட்டினால் ஆறு மரை கிடைக்கிறது, நட்டு வேண்டாம். தகட்டிலேயே மரை போட்டால் மூன்றுதான் வரும். அடிக்கடி திறக்கும் பெட்டிக்கு அது தாங்காது.

நேர்க்கோட்டில் வெட்டுவதற்கு ஆக்ஸா பிளேடைவிட தச்சர்கள் வைத்திருக்கும் சன்மைக்கா கட்டர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்டீல் ஸ்கேலைத் தகட்டோடு சேர்த்து கிளாம்ப் போட்டு, ஒரே கோட்டில் பலமுறை கீற வேண்டும். பின்பக்கமும் அதே கோட்டில் கீறி, மேசை விளிம்பில் வைத்து முன்னும் பின்னும் மடக்கினால் கோட்டிலேயே பிரிந்து வரும். தகரக் கத்தரி வேண்டாம், ஓரம் நெளிந்துவிடும். ஆக்ஸாவால்தான் வெட்ட வேண்டும் என்றால், அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு வாங்கி, தகட்டை இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே வைத்து, பிளேடைச் சாய்த்து அறுங்கள். 1.5 மி.மீ. தகட்டில் நேராக அறுத்தால் ஒரு நேரத்தில் இரண்டு பல்கூட முழுதாகப் படியாது. சிக்கிச் சிக்கி இழுக்கும்.

இந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: டிரில் உலோகத்தை எடுக்க மட்டுமே, அளவைக் கொண்டுவருவது அரம். ஹேண்ட் டிரில்லிடம் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது. எல்லாத் துளையையும் கோட்டுக்கு உள்ளேயே நிறுத்தி, கடைசி அரை மில்லியை அரத்துக்கு விட்டுவிட வேண்டும்.

தகடு முழுவதும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் கோடு போட்டேன். கோடு தெளிவாகத் தெரியும், சுருளும் தூளும் தகட்டில் கீறல் போடாது. ஒவ்வொரு மையத்திலும் சென்டர் பஞ்சால் ஒரு குழி. அது இல்லாவிட்டால் பிட் வழுக்கிக்கொண்டு ஓடும். பிறகு 3 மி.மீ. பிட்டால் ஒரு துளை, அதன்மேல் தேவையான அளவு. டிரில்லில் சுத்தியல் சின்னத்தில் இருக்கும் சுவிட்சைச் சாதாரண நிலைக்கு மாற்ற மறக்க வேண்டாம். சுவருக்கான கான்கிரீட் பிட் இதற்கு ஆகாது, உலோகத்துக்கான எச்எஸ்எஸ் பிட் வேண்டும்.

10 மி.மீ.க்கு மேல் சாதாரண பிட்டை மெல்லிய தகட்டில் இறக்கினால் துளை வட்டமாக வராது, முக்கோணம் மாதிரி வரும். பிட்டின் நுனி மறுபக்கம் வெளியே போன பிறகு அதைப் பிடித்து நிறுத்த உலோகம் இல்லை என்பதே காரணம். அதற்குத்தான் படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில். 4 முதல் 20 மி.மீ. வரை போகும் ஒன்று போதும். மெதுவான வேகம், இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் அல்லது ஏதாவது எண்ணெய். பிட் மறுபக்கம் வெளியேறும் கணத்தில் தகடு சுழலப் பார்க்கும். கையால் பிடிக்கவே கூடாது, அடியில் மரக்கட்டை வைத்து கிளாம்ப் போட வேண்டும். கண்ணாடி போடுங்கள்; கையுறையைக் கழற்றி வையுங்கள், சுழலும் பிட் துணியை இழுத்துக்கொள்ளும்.

மீட்டருக்கான செவ்வகத் திறப்பு 46 × 27 மி.மீ. ஓரமெல்லாம் சின்னச் சின்னத் துளையாகப் போட்டு உடைப்பது பலர் செய்யும் வழி. நான் ஸ்டெப் டிரில்லாலேயே 20 மி.மீ. வட்டம் இரண்டு, மையத்துக்கு மையம் 23 மி.மீ. இடைவெளியில் போட்டேன். திறப்பில் பாதி அதிலேயே போய்விடும். ஆக்ஸா பிளேடின் அகலம் 12.5 மி.மீ., எனவே சட்டத்திலிருந்து கழற்றிய பிளேடு அந்த வட்டத்துக்குள் தாராளமாக நுழைகிறது. ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, நடுவில் நிற்கும் துண்டையும் மூலைகளையும் அறுத்தேன். மீதி முழுக்க அரம்: முதலில் தட்டை அரம், மூலைக்குச் சின்ன சதுர அரம். அலுமினியத் தூள் பல்லில் அப்பிக்கொண்டு தகட்டைக் கீறும். அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அது ஒட்டாது. இந்த இடத்தில் அவசரம் கூடாது. நாலு தேய்ப்புக்கு ஒருமுறை மீட்டரை வைத்துப் பார்த்து, அது இறுக்கமாக உட்காரும்போது கிடைக்கிற சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

துளை ஓரத்துப் பிசிறை எடுப்பது அழகுக்காக மட்டும் அல்ல. எல்எம்317-இன் உலோக முதுகு அதன் அவுட்புட்டோடு இணைந்தது. சூட்டை வெளியேற்றும் உலோகமான ஹீட் சிங்கில் அதைத் திருகும்போது, மின்சாரம் கடக்காமலிருக்க நடுவே மெல்லிய மைக்கா ஏடு வைக்கிறோம். 3.2 மி.மீ. துளையில் ஒரு பிசிறு நின்றாலும் மைக்காவைக் குத்திக்கொண்டு போய் அவுட்புட்டைப் பெட்டியோடு ஷார்ட் ஆக்கிவிடும். பெரிய பிட் ஒன்றைக் கையில் பிடித்து, துளையின் வாயில் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும்.

இனி பின்பலகை: மெயின்ஸ் சாக்கெட், ஃபியூஸ், ஹீட் சிங்க். 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்தால் ஐசியில் 20 வாட்டுக்கு அருகில் சூடாகப் போகும், எனவே தகடு மட்டும் போதாது, வெளியே துடுப்புள்ள ஹீட் சிங்க். எர்த் வயருக்குத் தனியாக ஒரு எம்4 போல்ட், பல் வாஷரோடு. பெட்டி பல பலகைகளாக இருப்பதால் ஒன்றில் எர்த் கொடுத்தால் மற்றதுக்கும் போய்விட்டது என்று நம்ப முடியாது. பெயின்ட்டும் அனோடைஸ் பூச்சும் மின்சாரத்தைத் தடுக்கும். பலகைகள் சந்திக்கும் இடங்களைச் சுரண்டிவிட்டு, பிளக்கின் எர்த் பின்னிலிருந்து ஒவ்வொரு பலகைக்கும் மல்டிமீட்டரில் பார்த்த பிறகே மெயின்ஸ் கொடுப்பேன்.