பெங்களூரில் முதல் நர்ஸ் வேலையும் அதற்கு அப்புறமும்

நான்கு வருட நர்சிங் படிப்பில் எதையெல்லாமோ சொல்லித் தருகிறார்கள். முதல் வேலையில் வாங்கும் அனுபவச் சான்றிதழ் பின்னால் எவ்வளவு தூரம் கூட வரும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எம்.எஸ்சி. சேர வேண்டுமா, வளைகுடாவுக்குக் கிளம்ப வேண்டுமா, எங்கே போனாலும் அந்தக் காகிதத்தைத்தான் கேட்கிறார்கள். கல்லூரியில் எனக்கு சீனியரான ஒரு அக்கா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர். சின்ன நர்சிங் ஹோம் ஒன்றில் ராப்பகலாக வேலை பார்த்துவிட்டு, ‘இவர் இங்கே பணிபுரிந்தார்’ என்ற ஒற்றை வரியோடு வெளியே வந்தவர். “சம்பளத்தை அப்புறம் பாரு. எந்த வார்டு, எத்தனை பெட், லெட்டர்ல என்ன எழுதித் தருவாங்க, அதைக் கேளு” என்றார். நான் வேலை தேடியது முழுக்க இந்த ஒரு பேச்சை வைத்துத்தான்.

ஊர் தருமபுரிப் பக்கம். சென்னையைவிட பெங்களூர் கிட்ட. மர்ஃபி டவுனில் சித்தி வீடு இருந்ததால் தங்கும் செலவும் இல்லை. அங்கே தெருவில் பாதிப் பேர் தமிழ்தான் பேசுவார்கள் என்பதால் அம்மாவுக்கும் நிம்மதி.

வேலைக்கு முன்னால் பதிவு. நர்ஸ் பதிவு நம் நாட்டில் மாநில வாரியாக நடக்கிறது. தமிழ்நாட்டில் படித்த நான் முதலில் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து ஆர்.என்., ஆர்.எம். எண் (பதிவு பெற்ற நர்ஸ், மிட்வைஃப் என்பதற்கான எண்) வாங்க வேண்டும். பிறகு அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி கர்நாடக கவுன்சிலில் பதிய வேண்டும். இதற்குள் ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு இனிஷியல் என்று இருந்தால் அதோடு கதை முடிந்தது. என்னுடன் படித்த ஒருத்திக்கு அப்பா பெயர் ஆதாரில் முழுசாகவும் சான்றிதழில் எழுத்தாகவும் இருந்ததில் மாதக்கணக்கில் இழுத்தது. ரிசல்ட் வரும் முன்பே எல்லாவற்றிலும் பெயரை ஒன்றாக்கி வைத்துவிடுங்கள். நான் போன பெரிய மருத்துவமனைகளில், தமிழ்நாட்டுப் பதிவு இருந்தால் போதும், கர்நாடகப் பதிவுக்கு விண்ணப்பித்த ரசீதைப் பின்னால் கொடுக்கலாம் என்றார்கள். எல்லா இடத்திலும் அப்படி விடுவார்கள் என்று நம்பி வர வேண்டாம்.

வாக்-இன், அதாவது நேரே வந்து நேர்காணலில் கலந்துகொள்ளலாம் என்று போட்டிருந்த இடங்களுக்கெல்லாம் போனேன். பேருந்தில் ஒரு சின்னத் துக்கம்: கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு, ஆனால் கர்நாடக முகவரி காட்ட வேண்டும். என் ஆதாரைப் பார்த்ததும் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்.

தேர்வு எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். முதலில் எழுத்துத் தேர்வு, அப்புறம் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் முன்னால் நேர்காணல். சொட்டுக் கணக்கு கட்டாயம் வரும். 500 மி.லி. சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும், ட்ரிப் செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு எத்தனை? 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 21 சொட்டு வரும். பேப்பரில் எளிது. எதிரே சூப்பரின்டென்டென்ட் கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயால் சொல்வதுதான் கஷ்டம். மருத்துவக் கழிவில் எந்த நிறப் பையில் அல்லது டப்பாவில் எது என்பதும் கேட்பார்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற இந்தப் பிரிவு 2016 விதிகளின்படி. ஊசி முனை வெள்ளையில், கண்ணாடி நீலத்தில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், சலைன் டியூப் சிவப்பில். பொட்டாசியம் குளோரைடை ஏன் நேராக நரம்பில் தள்ளக் கூடாது, ஊசி குத்திவிட்டால் முதலில் என்ன செய்வாய், இவை இரண்டும் கேட்காத இடமே இல்லை. ஊசி குத்திய கேள்விக்குப் பலரும் ‘பிழிந்து ரத்தத்தை வெளியேற்றுவேன்’ என்கிறார்கள். பிழியக் கூடாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உடனே தகவல் சொல்லி, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை.

நேர்காணல் முடிவில் “ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். என்னிடம் பட்டியல் இருந்தது. எந்த வார்டில் போடுவீர்கள்? பயிற்சி எத்தனை நாள், அதற்குள் தனியாக நோயாளியைத் தருவீர்களா? ஹாஸ்டலுக்கு எவ்வளவு பிடிப்பீர்கள்? பாண்ட், அதாவது இத்தனை வருடம் வேலையை விடக் கூடாது என்ற ஒப்பந்தம் உண்டா? அசல் சான்றிதழ் கேட்பீர்களா?

கடைசிக் கேள்வியில்தான் ஒரு இடத்தை விட்டு வந்தேன். மற்ற இடங்களைவிடச் சம்பளம் அதிகம், ஆனால் அசல் சான்றிதழ்கள் எல்லாம் அவர்களிடம் இருக்க வேண்டுமாம். இரண்டு வருடம் முடிந்தால்தான் திருப்பித் தருவார்களாம். “எல்லாரும் குடுத்திருக்காங்கம்மா, நீ மட்டும் ஏன் யோசிக்கிற?” என்று ஹெச்.ஆர்.-இல் இருந்தவர் அலுத்துக்கொண்டார். நகலைத் தருகிறேன், அசலைக் காட்டிவிட்டு எடுத்துப் போகிறேன் என்றேன். ஒத்துவரவில்லை. வீட்டில் சித்தி “வந்த லட்சுமிய எட்டி உதைச்சிட்டு வந்திருக்கா” என்று இரண்டு நாள் பேசினார். அசல் கையில் இல்லாமல் மேல்படிப்புக்கு எதை வைத்துச் சேர்வது?

சம்பளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி அமைந்த நிபுணர் குழு ஒரு கணக்குச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, மாநில அரசு நர்ஸ் வாங்கும் சம்பளத்துக்குச் சமமாகத் தர வேண்டும். 50-க்குக் குறைந்த இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. இது பரிந்துரைதான். எனக்குச் சேரும்போது கையில் கிடைத்தது, அந்தக் குழு மிகச் சின்ன இடத்துக்குச் சொன்ன தொகையைவிடக் குறைவு. நான் சேர்ந்ததோ பல நூறு படுக்கை உள்ள இடம். தெரிந்தேதான் சேர்ந்தேன். ஐசியு கொடுத்தார்கள், பாண்ட் இல்லை, வேலையை விடும்போது பிரிவையும் படுக்கை எண்ணிக்கையையும் குறிப்பிட்டு லெட்டர் தருவோம் என்றார்கள்.

முதல் சில வாரங்கள் ஒரு சேச்சியின் பின்னாலேயே சுற்றினேன். அங்கே மலையாளி சீனியர்கள் எல்லோரும் சேச்சிதான், கன்னடக்காரர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கன்னடம் வார்டிலேயே வந்துவிட்டது. வலி எங்கே, சாப்பிட்டாயிற்றா, மூச்சு இழுத்து விடுங்கள் என்று நோயாளியிடம் பேசும் அளவுக்கு ஒரு மாதம் போதும். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் ஒப்படைத்துச் சொல்லும் ஹேண்ட்ஓவர் மட்டும் ஆங்கிலத்தில்.

அந்த ஐசியுவில் என்னை மாற்றியது பூச்சிமருந்து குடித்துவிட்டு வந்தவர்கள். ஓசூர்ப் பக்கம், கோலார்ப் பக்கம், ராமநகரத்திலிருந்தெல்லாம் கொண்டுவருவார்கள். விஷமுறிவு மருந்தான அட்ரோபின் ஓடிக்கொண்டே இருக்கும். கண்மணி, இதயத் துடிப்பு, நெஞ்சில் சளிச் சத்தம் மூன்றையும் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். பல நாள் வென்டிலேட்டரில் இருந்து ட்யூப் எடுத்த அன்று எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். அப்புறம் வார்டுக்கு மாற்றுவோம், வீட்டுக்குப் போவார்கள். ஏன் குடித்தார் என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். மனநல மருத்துவருக்கு ரெஃபரன்ஸ் எழுதியிருக்கும், அவர் ஒரு முறை வந்து பார்த்திருப்பார். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டியது அரசின் கடமை என்கிறது. வார்டிலோ, “போலீஸ் கேஸ் ஆயிடுமா சிஸ்டர்?” என்பதுதான் உறவினர்களின் முதல் கேள்வி. என்னோடு நைட் பார்த்த நர்ஸ்களிலேயே சிலர் ‘தானாத் தேடிக்கிட்டது’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அதிலிருந்துதான் மனநல நர்சிங் படிக்கும் எண்ணம் வந்தது. அதற்கு முன்பு எல்லாரையும் போல நானும் மூன்று நான்கு வழிகளை மேய்ந்துகொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு நான் எய்ம்ஸில் சேர வேண்டும் என்று ஆசை. அதற்கான நார்செட் என்ற தேர்வு எழுதி நர்சிங் ஆபீசர் ஆனால் அடிப்படைச் சம்பளமே 44,900. பி.எஸ்சி. படித்தவர்களுக்கு முன் அனுபவம் தேவையில்லை. ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா என்றால் 50 படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் 2 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். படுக்கை எண்ணிக்கை லெட்டரில் இருக்கட்டும் என்று அக்கா சொன்னது இதனால்தான், அவர் ஜி.என்.எம். முடித்துவிட்டு மேலே படித்தவர். இரண்டு கட்டத் தேர்வு, தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். நைட் ட்யூட்டி பார்த்துக்கொண்டு படிப்பது லேசில்லை.

ஜெர்மனி போகும் கூட்டமும் எங்கள் மருத்துவமனை ஹாஸ்டலில் உண்டு. ஆஃப் நாளில் இந்திரா நகரில் ஜெர்மன் வகுப்புக்குப் போய்விடுவார்கள், பி2 நிலை வரை தேற வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்கள் ஏஜென்சிக்குப் பணம் கட்டும் முன் சென்னையில் இருக்கும் அரசின் அயல்நாட்டு மனிதவளக் கழகத்தை ஒரு முறை விசாரித்துவிடுவது நல்லது. ஜெர்மனிக்கு நர்ஸ்களைப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள்.

எம்.எஸ்சி. என்று நான் வாய் திறந்ததும் ஏஜென்ட் வந்துவிட்டார். சித்திக்குத் தெரிந்தவர் மூலமாக. “வேலையை விட வேண்டாம், காலேஜ் பக்கமே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும், சர்ட்டிபிகேட் ரெகுலர்தான்” என்றார். நான்-அட்டெண்டிங் என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். எம்.எஸ்சி. நர்சிங் 2 வருட முழுநேரப் படிப்பு. மருத்துவமனைப் பயிற்சிக்கென்றே மணிக்கணக்கு இருக்கிறது. ஒரே தேதியில் ஐசியு ரோஸ்டரிலும் வகுப்பு வருகைப் பதிவேட்டிலும் உங்கள் பெயர் இருந்தால், பின்னால் சரிபார்க்கும்போது எந்தச் சான்றிதழ் பொய் என்று சொல்வீர்கள்? அதையும் விடுங்கள். மனநோயாளியிடம் பேசவே கற்காமல் மனநல நர்ஸ் என்று போர்டு மாட்டிக்கொண்டு என்ன செய்வது? சித்திக்காக டீ கொடுத்து அனுப்பினோம்.

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எம்.எஸ்சி.க்கு பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் அதற்குப் பிறகு குறைந்தது ஒரு வருடப் பணி அனுபவமும் வேண்டும். ஐந்து பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: மெடிக்கல்-சர்ஜிகல், மகப்பேறு, குழந்தைகள், மனநலம், சமூக நலம். ஐசியு பிடித்துப்போனவர்களுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு தனியாக உண்டு, அதுவும் 2 வருடம். மனநலம் என்று முடிவான பிறகு எனக்கு பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸைத் தவிர வேறு பெயர் தோன்றவில்லை. ஓசூர் ரோட்டில், ஊருக்குப் பஸ் ஏறும்போதெல்லாம் பார்க்கும் இடம். எம்.எஸ்சி. தவிர ஒரு வருட டிப்ளமாவும் அங்கே உண்டு. இடங்கள் மிகக் குறைவு, நாடு முழுவதிலிருந்தும் எழுதுவார்கள்.

ஆகவே இரண்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன், அப்பாவுக்காக நார்செட்டுக்கும். அனுபவச் சான்றிதழ் கேட்டபோது ஹெச்.ஆர். முதலில் தந்தது அந்த ஒற்றை வரிக் கடிதத்தைத்தான். சேரும்போது அப்படி லெட்டர் தருவதாகச் சொன்ன பழைய மெயிலை எடுத்துக் காட்டினேன். சேர்ந்த தேதி, முழுநேரம், ஐசியு, படுக்கை எண்ணிக்கை, என் பதிவு எண் எல்லாம் போட்டு மறுநாள் வேறு தந்தார்கள். இடம் கிடைத்தால் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதுவரை நைட் தொடர்கிறது.