குறுந்தகடு வேஷம் போட்ட வைஃபை அடாப்டர்

என் லேப்டாப்புக்குள் இருந்த வைஃபை கார்டு இழுத்துப் பறித்துக்கொண்டுதான் செத்தது. முதலில் மதியத்துக்கு மேல் மட்டும் அறுந்தது. பிறகு மூடித் திறந்தால் வராமல் போய், மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் வந்தது. கடைசியில் ரீஸ்டார்ட்டுக்கும் மசியவில்லை. மெய்ப்புத் திருத்தும் வேலை எனக்கு. கோப்பு வரும், திருத்துவேன், அனுப்புவேன். இணையம் இல்லாவிட்டால் முதலும் கடைசியும் கழன்றுபோய் நடுவில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன்.

விமானப் பயன்முறை பொத்தானைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். லேப்டாப்பில் வைஃபை வராமல் போவதற்குப் பாதி நேரம் காரணம் அந்தப் பொத்தான்தான், தெரியாமல் விரல் பட்டிருக்கும். என்னுடையது லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இயங்குதளம். அதில் ஆர்எஃப்கில் என்று ஒரு கட்டளை உண்டு; வைஃபையை அடைத்து வைத்திருப்பது மென்பொருளா, வன்பொருள் பொத்தானா என்று தனித்தனியாகச் சொல்லிவிடும். எனக்கு அது இரண்டையும் சொல்லவில்லை. பட்டியலில் ப்ளூடூத்தும் இல்லை, வைஃபையும் இல்லை. இரண்டும் ஒரே கார்டில் இருப்பவை. போர்டில் என்னென்ன கார்டு இருக்கிறது என்று காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையிலும் அந்த வரியே காணாமல் போயிருந்தது. பின்மூடியைக் கழற்றி, கார்டை எடுத்துத் துடைத்து மறுபடி செருகிப் பார்த்தேன். ஊஹூம்.

உள்ளே புதுக் கார்டு மாற்றலாம். ஆனால் சில லேப்டாப்புகளின் பயாஸ் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் நிரல்), தன் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைச் செருகினால் கிளம்பவே மறுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னுடையது அந்த ரகமா என்று பரிசோதிக்கப் பொறுமை இல்லை. யூஎஸ்பியில் செருகும் நகக்கண் அளவு அடாப்டர் ஒன்று வாங்கினேன். பெட்டியில் "ஏசி600" என்று பெரிதாகவும், "லினக்ஸில் இயங்கும்" என்று பொடியாகவும் இருந்தது. அந்தப் பொடி எழுத்தை நம்பித்தான் வாங்கினேன்.

பெட்டிக்குள் அடாப்டரோடு ஒரு குட்டிக் குறுந்தகடு. என் லேப்டாப்பில் சிடி டிரைவ் கிடையாது. சிரித்துக்கொண்டே அதை மேசையில் வைத்துவிட்டு அடாப்டரைச் செருகினேன். வைஃபை பட்டியல் வரவில்லை. அதற்குப் பதில் திரையில் ஒரு சிடி படம் வந்தது! உண்மையான சிடி மேசையில் கிடக்கிறது, டிரைவே இல்லாத கணினி சிடி போட்டிருப்பதாகச் சொல்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு.

அடாப்டர் பழுது என்று முடிவுகட்டி, திருப்பிக் கொடுக்கப் பெட்டியில் வைத்து ஒட்டியும் விட்டேன். அன்று மாலை சித்தி பையன் வேறு எதற்கோ போன் செய்தான். பேச்சுவாக்கில் சொன்னேன்.

"பழுதெல்லாம் இல்லக்கா. அது வேஷம் போடுது. ஒட்டினதப் பிரி."

"என்னடா வேஷம்?"

"மொதல்ல செருகும்போது நான்தான் சிடின்னு சொல்லும். அதுக்குள்ள டிரைவர் வெச்சிருப்பாங்க. விண்டோஸ்காரங்க அதப் போட்டா, டிரைவர் அதப் பார்த்து இனிமே நீ வைஃபைன்னு மாத்திவிட்டுடும். உன்கிட்ட இருக்கறது லினக்ஸ். மாத்திவிட ஆளு இல்ல. எல்எஸ்யூஎஸ்பி அடி, வர்ற நம்பரப் படி."

எல்எஸ்யூஎஸ்பி என்பது யூஎஸ்பியில் செருகியிருப்பதைப் பட்டியலிடும் கட்டளை. யூஎஸ்பியில் செருகும் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்கள் உண்டு: ஒன்று தயாரித்தவருடையது, மற்றது பொருளுடையது. என் அடாப்டரின் இரண்டாவது எண் 1ஏ2பி. "அதேதான், சிடி வேஷத்து நம்பர்" என்றான். கோப்பு மேலாளரில் அந்த சிடி படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'வெளியேற்று' கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன். படம் மறைந்தது. மறுபடி எல்எஸ்யூஎஸ்பி அடித்தால் எண் சி811 என்று மாறியிருந்தது. பொருள் அதேதான், இடம் அதேதான், பெயர் மட்டும் வேறு. இந்த வேலையைத் தானாகச் செய்வதற்கென்றே யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் இருக்கிறது. ஒரு காலத்தில் செருகும் மோடம்களும் இதே வேஷத்தைப் போட்டதால் பிறந்த நிரல் அது. என் கணினியில் ஏனோ தானாக மாற்றவில்லை. பிறகு ஒரு வரி விதி எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.

வேஷம் கலைந்ததே தவிர விளக்கு எரியவில்லை. இனிமேல்தான் டிரைவர், அதாவது அடாப்டரை எப்படி இயக்குவது என்று கணினிக்குச் சொல்லும் நிரல்.

இங்கே ஒரு பழைய சங்கடம்: இணையம் வேண்டுமானால் டிரைவர் வேண்டும், டிரைவர் வேண்டுமானால் இணையம் வேண்டும். இதற்கு நான் கற்ற ஆகச் சிறந்த வழி, போனை சார்ஜ் வயரால் லேப்டாப்பில் இணைத்து, போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குவது. ஆண்ட்ராய்டு போன் என்றால் லேப்டாப் அதை வயர் வழி இணையமாக நினைத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் கேட்காது. போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே கடத்திக் கொடுக்கும், மொபைல் டேட்டா கரையாது. உண்மையைச் சொன்னால், அப்போதே என் வேலை நடக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் போன் ஒலிக்கும்போதெல்லாம் வயரோடு தூக்கிக் காதில் வைக்க வேண்டியிருந்தது.

சிப்பின் பெயரைத் தேடியதில், அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது 2023 பிப்ரவரியில் வந்த 6.2 பதிப்பில் என்று தெரிந்தது. என்னிடம் இருந்தது 5.15. பெட்டி பொய் சொல்லவில்லை. எந்த லினக்ஸ் என்றுதான் சொல்லவில்லை. ஆக, கெர்னலைப் புதுப்பிக்கலாம், அல்லது ஆர்வலர்கள் பராமரிக்கும் டிரைவரின் மூலநிரலை இறக்கி நானே கம்பைல் செய்யலாம், அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்றலாம். கெர்னல் என்ற சொல்லே எனக்குப் பயம். இருப்பதும் போய்விட்டால்? எனவே கம்பைல். இரண்டில் எது ஆபத்து குறைந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல் முயற்சி பாதியில் நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லையாம். அவற்றை இறக்கினேன். இரண்டாவது முறை திரை முழுக்க வரிகள் ஓடி, பிழை இல்லாமல் முடிந்தது. டிரைவரை ஏற்றச் சொன்னேன். சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி வந்தது. என்ன சாவி, யார் நிராகரித்தது?

செக்யூர் பூட். கணினி கிளம்பும்போது, நம்பகமான கையெழுத்து இல்லாத எதையும் கெர்னலுக்குள் விடாத காவல். வீட்டில் கம்பைல் செய்த டிரைவருக்குக் கையெழுத்து ஏது? செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்பதுதான் கண்ணில் படும் எளிய அறிவுரை. எனக்கு அதில் மனமில்லை. ஒரு டிரைவருக்காக வாசல் கதவையே கழற்றி வைப்பானேன்? நாமே ஒரு சாவி உருவாக்கி, டிரைவருக்கு அதால் கையெழுத்திட்டு, அந்தச் சாவியை லேப்டாப்பிடம் பதிவு செய்யலாம். பதிவு கேட்கும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும், பிறகு ரீஸ்டார்ட். அப்போது நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று 10 நொடி காத்திருக்கும். உட்கார்ந்திருப்பவர் நிஜமாகவே மனிதர்தானா, தூரத்திலிருந்து ஏவப்பட்ட நிரலா என்று பார்க்கும் சோதனை அது.

ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் வழக்கமான திரை. 10 நொடியில் யாரும் விசையைத் தொடாவிட்டால் வழக்கம்போலக் கிளம்பிவிடும், பதிவு கோரிக்கையும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. இந்த முறை விசைப்பலகை மேல் விரலை வைத்தபடியே ரீஸ்டார்ட் செய்தேன். நீலத் திரை வந்தது, சாவியைச் சேர்த்தேன், கடவுச்சொல் கொடுத்தேன். கணினி எழுந்ததும் அடாப்டரின் ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கு சிமிட்டியது. வைஃபை பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயர், பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் வரிசையாக. சித்தி பையனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

அடாப்டரின் பெயர் மட்டும் டபிள்யூ எல் எக்ஸ் என்று தொடங்கி 15 எழுத்து நீளத்துக்குப் போனது. எந்தத் துளையில் செருகினாலும் பெயர் மாறாதிருக்க, அதன் மேக் முகவரியையே (அந்தக் கருவிக்கென்று உள்ள அடையாள எண்) பெயராக வைத்துவிடுகிறது லினக்ஸ்.

மூன்று வாரம் நிம்மதி. ஒரு காலை, வழக்கமான புதுப்பிப்புகளை இறக்கி ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை போயிற்று. விளக்கும் இல்லை, பட்டியலும் இல்லை. புதுப்பிப்பில் கெர்னலும் ஒரு படி ஏறியிருந்தது. நான் கம்பைல் செய்த டிரைவர் பழைய கெர்னலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கெர்னல் மாறும்போதெல்லாம் தானாகவே மறுபடி தைத்துக்கொடுக்க டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. மூலநிரலோடு வந்த விளக்கக் குறிப்பில் அதைத்தான் முதலில் சொல்லியிருந்தார்கள். நான் அதைத் தாண்டி, கீழே இருந்த குறுக்கு வழியைப் பிடித்திருந்தேன். ஊரார் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துப் பிழைப்பவள், எனக்கான குறிப்பை மேலோட்டமாகப் படித்திருக்கிறேன்!

மறுபடி போன், வயர், டெதரிங். ஆனால் மறுபடி கம்பைல் செய்யவில்லை. கெர்னல் எப்படியும் என்னைக் கேட்காமலே மாறிக்கொண்டுதான் இருக்கிறது, அப்புறம் எதற்கு அந்தப் பயம்? மின்டின் புதுப்பிப்பு மேலாளரில், 'பார்வை' மெனுவுக்குள் கெர்னல்களின் பட்டியலே இருக்கிறது. 6.8-ஐத் தேர்ந்து நிறுவினேன். பழைய கெர்னல் அழிவதில்லை, கிளம்பும்போது வரும் மெனுவில் அதையும் தேர்ந்துகொள்ளலாம். நான் பயந்த ஆபத்து அவ்வளவுதான். புதுக் கெர்னலோடு டிரைவரும் வந்தது, முறையான கையெழுத்தோடு. நீலத் திரை இல்லை, சாவி இல்லை, கம்பைல் இல்லை. ரீஸ்டார்ட், பச்சை விளக்கு. மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த நீலத் திரையோடு நான் மல்லுக்கட்டிய இரவை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

வேகம் பற்றியும் கொஞ்சம். ஏசி600 என்பதை 600 மெகாபிட் என்று நான் படித்திருந்தேன். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 150-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸில் 433-ஐயும் கூட்டி, வந்த 583-ஐ மேலே தள்ளிய எண். ஒரு நேரத்தில் அடாப்டர் ஏதாவது ஒரு அலைவரிசையில்தான் இருக்கும், எனவே அந்தக் கூட்டுத்தொகை யாருக்கும் கிடைக்காது. 433-இலும் பாதி கைக்கு வந்தாலே நல்லது. எனக்கு அதுவே தாராளம்.

ஆனால் 2.4-இல் இருக்கும்போது மட்டும் விட்டு விட்டு அறுந்தது. காரணம் பிடிபட நாளாயிற்று. காப்புக்கோப்பு எடுக்க வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகும் நாட்களில் மட்டும் அறுகிறது என்று கவனித்த பிறகுதான் நூல் கிடைத்தது. யூஎஸ்பி 3.0 வயரில் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சல் கசியும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கை போட்டிருக்கிறது. நகக்கண் அளவு அடாப்டர் என்றால் அதன் ஆன்டெனா துளையை ஒட்டியே இருக்கும். பக்கத்துத் துளையில் ஹார்ட் டிஸ்க் இரைந்தால் அதன் காதில் என்ன விழும்? ஒரு முழ நீள யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் அடாப்டரைத் தள்ளிச் செருகினேன். அறுவது நின்றது. வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் எட்டும் அறையில் இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது; அது சுவர்களைத் தாண்டுவதில் கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதான்.

இன்னொன்று, சும்மா இருக்கும்போது அடாப்டர் தூங்கிப்போவது. கோப்பைத் திருத்திக்கொண்டே இருந்துவிட்டு அனுப்பப் போனால் முதல் சில நொடி மந்தமாக இருக்கும். நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை மின்சேமிப்புக்கு 3 என்று இருந்தது, அதாவது 'சேமி'. அதை 2 ஆக்கினால் 'சேமிக்காதே'. ஒரு எண், தீர்ந்தது. பேட்டரி வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது லேப்டாப் மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: சிப் எண், கெர்னல் எண், மாற்றிய இரண்டு கோப்புகளின் பெயர். மாதத்துக்கு ஒருமுறை, லேப்டாப் தூக்கத்திலிருந்து எழும் நேரத்தில், என் விதியையும் மீறி அந்த சிடி படம் திரையில் எட்டிப் பார்க்கும். வலது கிளிக், வெளியேற்று. விளக்கு எரியும், நான் விட்ட வரியிலிருந்து தொடர்வேன்.