கதவை மெதுவாகச் சாத்தவும்

இயக்கச்சியைத் தாண்டி வரும்போது முன்னால் போன கல் லொறி எனக்கொரு கல்லை அன்பளிப்பாகத் தந்தது. காரின் முன் கண்ணாடியில் மிளகளவு காயம்தான். வெளியே ஏ9 வீதியின் வெயிலும் உள்ளே ஏசியின் குளிருமாக இழுத்த இழுப்பில், சாவகச்சேரி வருவதற்குள் அது ஒரு சாண் நீள வெடிப்பாகிவிட்டது. முன் கண்ணாடி என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அதனால் சிதறி மடியில் கொட்டவில்லை. ஆனால் வெடிப்பு சரியாக என் கண்ணுக்கு நேரே. மாற்றத்தான் வேண்டியிருந்தது. எவ்வளவு முடிந்தது என்று எழுத மாட்டேன், அம்மா வாசிக்கக்கூடும்.

புதுக் கண்ணாடி பூட்டி முடிக்கப் பகல் பதினொரு மணி. பூட்டிய தம்பி என்னைத் தனியே கூப்பிட்டு, வைத்தியர் பத்தியம் சொல்வதுபோலச் சொன்னார். "அண்ணை, பசை இறுக 24 மணித்தியாலம் வேண்டும். பக்கக் கண்ணாடி ஒன்றை இரண்டு விரல் அளவு திறந்தே விடுங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். இந்த டேப்பை நாளைவரை உரிக்க வேண்டாம். இரண்டு நாளைக்குத் தண்ணீரைப் பீச்சியடித்துக் கழுவவும் வேண்டாம்."

தலையாட்டிவிட்டு வந்தேன். அவருக்குப் பசையைப் பற்றித் தெரியும். எங்கள் வீட்டைப் பற்றித் தெரியாது.

ஒழுங்கைப் பள்ளங்களில் ஊர்ந்து வந்து படலையைத் திறக்கும் முன்பே பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். "காருக்கு நெற்றியில் பிளாஸ்டர் போட்டிருக்கிறது, எங்கே கொண்டுபோய் மோதினீர்கள்?" மோதவில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அடுத்தது அம்மா. நான் இறங்குவதற்குள் புதுக் கண்ணாடியில் மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு. சாரதி ஆசனத்துக்கு நேர் எதிரே. இனி வீதியைப் பார்க்க வேண்டுமானால் நான் சிவபெருமானின் நெற்றி வழியாகத்தான் பார்க்க வேண்டும். உலர்ந்த தூளின் மேல் வைப்பர் ஓடினால் கண்ணாடியில் கீறல் விழும் என்றேன். "கண்ணூறு பட்டால் கீறலோடு நிற்காது" என்றார். ஒருவழியாகச் சமாதானமாகி, விபூதி இடப்பக்க மூலைக்குக் குடிபெயர்ந்தது.

பிற்பகல் வானம் கொஞ்சம் இருண்டது. வெளியே வந்து பார்த்தால் கார் முழுவதும் தறப்பாள். பக்கக் கண்ணாடியை மூட மறந்துவிட்டேன் என்று நினைத்து, பூக்கன்றுகளுக்குக் கட்டும் கயிற்றால் வரிந்து கட்டியும் இருந்தார்கள். ஒரு முடிச்சு அந்த டேப்பின் மேலேயே. அவிழ்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தவும் என்று தாளில் எழுதிக் கைப்பிடியில் தொங்கவிட்டேன்.

மாலையில் பெரிய மாமா வந்தார். நாற்பது வருடம் மொறிஸ் மைனர் ஓட்டியவர். எந்தக் கதவையும் ஓங்கி அறைந்து சாத்தித்தான் அவருக்குப் பழக்கம், குளிர்சாதனப் பெட்டி உட்பட. மைனரின் கண்ணாடியை றப்பர் பட்டிதான் பிடித்திருக்கும், பூட்டியவுடன் ஓடலாம். இந்தக் காரில் பசைதான் பிடிமானம், கார் உருண்டால் கூரையைத் தாங்குவதிலும் இடப்பக்க எயார்பேக் விரியும்போது முட்டுக்கொடுப்பதிலும் கண்ணாடிக்குப் பங்கிருக்கிறது என்று விளக்கினேன்.

"அப்படியென்றால் நீ பசையை நம்பித்தான் ஓடுகிறாய்" என்றார் மாமா.

உள்ளே இருந்து பார்க்க வேண்டும் என்று ஏறினார். இறங்கும்போது நான் கெஞ்சிய கெஞ்சலில், பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலக் கதவைச் சாத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பசை காற்றின் ஈரத்தில்தான் இறுகுமாம். இரவு பண்ணைக் கடற்காற்று தன் வேலையைச் செய்யட்டும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஏழு மணிக்கு கார் செத்துக் கிடந்தது. மாமா சாத்திய கதவு பூட்டில் விழவே இல்லை. இரவு முழுவதும் உள் விளக்கு எரிந்து பற்றறி இறங்கிவிட்டது. ஓட்டோமற்றிக் கியர், தள்ளியும் பயனில்லை. செய்தி கேட்டு மாமா சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"மைனர் என்றால் முன்னால் கைப்பிடியை விட்டுச் சுற்றியிருக்கலாம்" என்றவர், அந்த எரிச்சலிலேயே கதவை ஓங்கி அறைந்து சாத்தினார். வேப்பமரத்துக் காகங்கள் எழுந்து பறந்தன. இன்னும் நான்கு மணித்தியாலம் மிச்சம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். டேப் அப்படியே இருந்தது. கண்ணாடி ஒரு நூல்கூட அசையவில்லை. அந்த இரண்டு விரல் இடைவெளியால் காற்று வெளியேறியிருக்கிறது என்று எல்லோருக்கும் விளக்கினேன்.

அம்மா ஒன்றும் பேசாமல் இடப்பக்க மூலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.