ஒரு மிடறு பிளேன்டீயும் 4 கிறேயும்

உயர்தர வகுப்பில் கதிர்த்தொழிற்பாடு பாடம் வந்தால் நான் ஒரு கணக்குக் கொடுப்பது வழக்கம். உடல் முழுவதும் ஒரேயடியாக 4 கிறே கதிர்வீச்சு பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால், ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். ஒரு கிறே என்றால் கிலோகிராமுக்கு ஒரு ஜூல். 70 கிலோ ஆளுக்கு மொத்தம் 280 ஜூல். அது உடம்பை எவ்வளவு சூடாக்கும்?

விடை, ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 பாகைச் சூட்டில் பிளேன்டீ ஒரு சின்ன மிடறு, 3 மில்லிலீற்றர், குடித்தாலும் அதே அளவு சக்திதான் உடம்புக்குள் போகும். இந்த ஹட்டன் குளிரில் அது தொண்டைக்கே காணாது. “அப்ப எப்படி டீச்சர் ஆள் சாவாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பாடப்புத்தகத்துக்குள் நின்று இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கிறே ஒரு சராசரி. கலத்துக்குச் சராசரி கிடைப்பதில்லை. தேநீரின் சூடு எல்லா மூலக்கூறுகளுக்கும் பரவிப்போகும். கதிர்வீச்சோ துணிக்கை ஓடிய தடத்தில் மட்டும் சக்தியைக் கொட்டும். கோபாற்று-60 காமா கதிர் கிளப்பிவிடும் இலத்திரன் ஒரு மைக்ரோமீற்றருக்கு 0.3 கிலோ இலத்திரன்வோல்ற்று (துணிக்கைகளின் சக்தியை அளக்கும் சின்ன அலகு) அளவில் விட்டுச் செல்கிறது. ரேடன் என்னும் கதிர்த்தொழிற்பாட்டு வாயு உமிழும் பாரமான அல்பா துணிக்கை தொடக்கத்திலேயே 80க்கு மேல் விடும். நிற்கும் இடத்துக்குக் கிட்ட 200ஐத் தாண்டும். டிஎன்ஏயின் இரண்டு இழைகளும் பக்கத்தில் பக்கத்தில் அறுந்தால் கலத்துக்கு அதைத் திருத்துவது பெரும்பாடு. அடர்ந்த தடம் அப்படித்தான் அறுக்கும்.

இதை எண்ணாகவே பார்க்கலாம். 8 மைக்ரோமீற்றர் அகலமான கலக் கருக்களுக்கு 1 மில்லிகிறே காமா கொடுத்தால், சராசரியாகக் கருவுக்கு ஓர் இலத்திரன் தடம் விழும். அதே 1 மில்லிகிறேயை அல்பாவாகக் கொடுத்தால் ஏறக்குறைய 300 கருக்களில் ஒன்றுக்குத்தான் அடி. மற்றவற்றுக்கு ஒன்றுமே இல்லை. அடிபட்ட கருவுக்கோ ஒரே தடவையில் 300 மில்லிகிறே. தாளில் இரண்டும் ஒரே 1 மில்லிகிறே.

சரி, இதை அளப்பது எப்படி? கலக் கருவுக்குள் அடங்கும் 2 மைக்ரோமீற்றர் உணர்கருவியை அந்தக் காலத்தில் யாராலும் செய்ய முடியவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ரொசி 1950களில் கண்ட வழி என்னை இன்றும் மலைக்க வைக்கிறது. இழையத்தின் சேர்மானத்தை ஒத்த கறுப்பு பிளாஸ்டிக்கில் ஓர் உட்குழிவான உருண்டை, நடுவில் மெல்லிய கம்பி. உள்ளே புரொப்பேன், காபனீரொட்சைட்டு, கொஞ்சம் நைதரசன் கலந்த வாயு, வளிமண்டல அமுக்கத்தில் பத்திலொன்றுக்கும் குறைவாக. உருண்டையின் விட்டம் 12.7 மில்லிமீற்றர். வாயு இழையத்தை விட 6,000 மடங்குக்கு மேல் ஐதானதால், அதைக் கடக்கும் துணிக்கை 2 மைக்ரோமீற்றர் இழையத்தைக் கடந்தால் இழக்கும் சக்தியையே அங்கேயும் இழக்கும். கலத்தின் அளவுக்குக் கருவியைச் சுருக்காமல், கலத்தின் பொருளை ஐதாக்கிப் பெரிதாக்கிவிட்டார்!

ஒவ்வொரு துணிக்கையும் கம்பியில் ஒரு துடிப்பு. அந்தச் சக்தியை உருண்டையின் சராசரி நாணின் நீளத்தால், அதாவது விட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கால், வகுத்தால் அந்த ஓர் அடியின் வலிமை தெரியும். கூட்டிச் சராசரி எடுக்காமல் அடி அடியாக எண்ணுவதுதான் இதில் முக்கியம். எந்த வலிமையில் எத்தனை அடி என்று காட்டும் வரைபின் கிடை அச்சை மடக்கையில்தான் போட வேண்டும், அவ்வளவு அகன்ற வீச்சு. இந்த வகைக் கருவி விண்வெளி நிலையத்துக்கும் போயிருக்கிறது. இப்போது அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழகத்தில் கலத்தின் அளவிலேயே சிலிக்கன் உணர்கருவிகள் செய்கிறார்கள். காபன் அயனால் புற்றுநோய்க்குச் சிகிச்சை கொடுக்கும் இடங்களில் கிறே மட்டும் போதாது, அதனால் இவை தேவை.

நம் மலைகளுக்கும் அல்பாவோடு பழைய உறவு உண்டு. பலாங்கொடைப் பக்கத்துக் கறுப்புக் கனிமம் ஒன்றை 1904இல் ஆனந்த குமாரசுவாமி யுரேனினைற்று என்று விவரித்தார். கலை வரலாற்றுக்காக நாம் கொண்டாடும் அதே குமாரசுவாமிதான், அப்போது அவர் புவியியலாளர். அதில் அல்பா உமிழும் தோரியமே அதிகம் என்று தெரிந்து தோரியனைற்று என்று பெயர் வந்தது. அந்தத் தாதுவிலிருந்துதான் ஓட்டோ ஹான் 1905இல் லண்டனில் ரேடியோதோரியத்தை, அதாவது அல்பா உமிழும் இன்னொரு தோரியச் சமதானியை, பிரித்தார்.

பிள்ளைகளுக்குக் காட்ட ரொசியின் உருண்டை எங்கள் பாடசாலையில் கிடையாது. ஆனால் சிஆர்-39 இருக்கிறதே, மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் அதே பிளாஸ்டிக். அல்பா பட்ட துண்டை 70 பாகையில் எரிசோடாக் கரைசலில் சில மணி நேரம் ஊறவிட்டால், ஒவ்வொரு துணிக்கை விழுந்த இடமும் குழியாகும். நேராக விழுந்தது வட்டமாக, சாய்ந்து விழுந்தது முட்டை வடிவில், ஓரம் கறுத்து, நடுவில் வெளிச்சப் புள்ளியோடு தெரியும். காமாவுக்கு அந்தப் பிளாஸ்டிக்கில் ஒரு தடமும் விழாது, அதன் தடம் அவ்வளவு ஐது. பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்த துண்டுகள் சில என்னிடம் உண்டு. 100 மடங்கு உருப்பெருக்கம் போதும், எங்கள் உயிரியல் ஆய்வுகூட நுணுக்குக்காட்டியே தாராளம். அடுத்த தவணை ஆளுக்கொரு குழியை வரைந்து, அகலத்தை அளக்கச் சொல்லப்போகிறேன்.